மறு: "பீனோடைப் ஸ்விட்சிங்" – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்கள் மரபணு எழுத்து மாறாமலே தம் நடத்தையை மாற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் "பீனோடைப் ஸ்விட்சிங்" என்கிறார்கள். நம் அகராதிக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை உருமாற்றம், நிலைமாற்றம், குணமாற்றம், தோற்றவமைப்பு மாற்றம், கூடுபாய்தல், பச்சோந்தித்தன்மை என்று சொற்கள் வந்திருக்கின்றன. "அப்படியே ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போங்களேன்" என்ற யோசனையும் உண்டு. எல்லாவற்றுக்கும் கீழே பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் சிலர் சொல்லின் ஓசையைப் பார்த்தே வாக்களிப்பது போலத் தெரிகிறது. அது குறிக்கும் நிகழ்வு என்ன என்று ஒருமுறை விரிவாகப் பார்த்துவிட்டால் பாதிச் சொற்கள் தாமாகவே கழன்றுவிடும். அதனால் முதலில் விஷயம், அப்புறம் சொல்.

தோலில் வரும் புற்றுநோய்களில் மெலனோமா எண்ணிக்கையில் சிறியது, உயிரைப் பறிப்பதில் பெரியது. தோலின் மேலடுக்கின் அடிவரிசையில் உட்கார்ந்து நிறமி தயாரிக்கும் மெலனோசைட் செல்களிலிருந்து அது கிளம்புகிறது. இந்தச் செல்கள் தோலிலேயே பிறந்தவை இல்லை. கரு வளரும்போது, பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக் குழாயின் முகட்டிலிருந்து பிரிந்து, திசுக்களுக்கு நடுவே ஊர்ந்து வந்து தோலில் குடியேறியவை. அதே முகட்டிலிருந்து புறப்பட்ட அவற்றின் பங்காளிகள் நரம்புச் செல்களாகவும், முகத்து எலும்பாகவும், அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியாகவும் ஆகியிருக்கின்றன. ஆக, இடம்விட்டு இடம் போவதும், போன இடத்துக்கேற்ப வேறொன்றாக ஆவதும் இந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. மெலனோமா செல் இந்தப் பழைய பழக்கத்தைத்தான் மறுபடி கையில் எடுக்கிறது.

இதை நடத்துவதில் முக்கியமான புரதம் எம்ஐடிஎஃப். நிறமி செய்யும் மரபணுக்களை முடுக்குவது, செல் பெருகுவதற்கு வேண்டியதைச் செய்வது என்று பல வேலைகள் அதற்கு. வேடிக்கை என்னவென்றால், அது இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் கணக்கில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் செல்லின் நடத்தை தங்கியிருக்கிறது. அளவு மிகுந்தால் செல் நிறமி தயாரித்துக்கொண்டு அடங்கி இருக்கும். நடுத்தரமாக இருந்தால் வேகமாகப் பெருகும். நன்றாகக் குறைந்துவிட்டால் பெருகுவதைக் குறைத்துக்கொண்டு, பக்கத்துத் திசுவைத் துளைத்துக்கொண்டு நகரத் தொடங்கும். காலின் கோடிங் குழுவினர் 2006 வாக்கில் முன்வைத்த இந்தப் பார்வையை ரியோஸ்டாட் மாதிரி என்பார்கள். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய திருகு ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயரில் "ஸ்விட்ச்" இருந்தாலும் நடப்பது பட்டென்று போடும் ஸ்விட்ச் மாதிரி இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

அதே காலத்தில் சூரிக்கில் கீத் ஹோக் குழுவினர் ஆய்வகத்தில் வளர்க்கும் மெலனோமா செல் வரிசைகளின் மரபணு வெளிப்பாட்டை அலசி, பெருகும் வகை, ஊடுருவும் வகை என்று இரண்டு முத்திரைகளைப் பிரித்துக் காட்டினார்கள். 2008-இல் அவர்கள் செய்த சோதனைதான் இந்தப் பெயருக்கே அடித்தளம். பெருகும் வகைச் செல்களைச் சில எலிகளுக்கும் ஊடுருவும் வகைச் செல்களை வேறு எலிகளுக்கும் தோலடியில் செலுத்தினார்கள். முதல் கூட்டத்தில் கட்டி சீக்கிரம் எழுந்தது. இரண்டாவது கூட்டத்தில் வெகு தாமதமாக எழுந்தது. சரி, இதுவரை எதிர்பார்த்ததுதான். எழுந்த கட்டிகளை அறுத்துச் சாயமேற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. எந்த வகையைச் செலுத்தியிருந்தாலும் கட்டிக்குள் இரண்டு வகையும் கலந்திருந்தன. ஊடுருவும் செல்களிலிருந்து பெருகும் செல்கள் வந்திருந்தன, பெருகும் செல்களிலிருந்து ஊடுருவும் செல்கள் வந்திருந்தன. தாமதத்துக்கும் காரணம் புரிந்தது: கட்டி எழ வேண்டுமென்றால் ஊடுருவும் செல் முதலில் பெருகும் செல்லாக ஆக வேண்டியிருக்கிறது.

நோய் பரவுவதையும் இதே கண்ணோடு பாருங்கள். கட்டிக்குள் ஆக்சிஜன் குறைகிறது, சத்து கிடைக்கவில்லை, சுற்றியுள்ள செல்கள் சில சமிக்ஞைகளை அனுப்புகின்றன. எம்ஐடிஎஃப் இறங்குகிறது, செல் கிளம்புகிறது. இரத்தத்திலோ நிணநீரிலோ பயணித்து நுரையீரலிலோ கல்லீரலிலோ மூளையிலோ போய் இறங்குகிறது. அங்கே ஊடுருவும் வகையாகவே இருந்துவிட்டால் கட்டி வளராது. மறுபடி பெருகும் வகைக்குத் திரும்ப வேண்டும். இந்தப் போக்குவரத்தில் டிஎன்ஏ-வில் ஓர் எழுத்துகூட மாற வேண்டியதில்லை. எந்த மரபணு பேசுகிறது, எது வாய்மூடி இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. அதனால்தான் திரும்பவும் முடிகிறது.

நாம் தேடும் சொல் இந்த இரண்டையும் தாங்க வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று, மரபெழுத்து மாறவில்லை. இரண்டு, போனது திரும்பி வரும். இவை இரண்டும் கெடாத சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> உருமாற்றம் என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் தெரிந்த சொல்.

எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு உருமாற்றம் என்றால் தலைப்பிரட்டை தவளையாவதும் கம்பளிப்புழு பட்டாம்பூச்சியாவதும். அது ஒருவழிப் பாதை. தவளை மறுபடி தலைப்பிரட்டை ஆவதில்லை. அதுகூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். கொரோனா காலத்தில் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் "உருமாறிய கொரோனா" என்று நாள் தவறாமல் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லை மரபணு மாற்றத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டன. இன்று "உருமாறிய புற்றுநோய்ச் செல்" என்று எழுதினால் படிப்பவர் மனதில் ஓடுவது டிஎன்ஏ எழுத்தே மாறிப்போகும் சடுதிமாற்றம்தான். எதைக் குறிக்கவே கூடாதோ அதையே குறித்துவிடும். "திரிபு" என்று எழுதிய அன்பருக்கும் இதே பதில். டெல்டாவும் ஒமிக்ரானும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

> இலங்கையில் பள்ளி நூல்களில் பீனோடைப் தோற்றவமைப்பு, ஜீனோடைப் பிறப்புரிமையமைப்பு. எனவே தோற்றவமைப்பு மாற்றம் என்பதே முறையான ஆக்கம். புதிதாக எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

முறையான ஆக்கம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மரபியல் பாடத்தில் தோற்றவமைப்பு நிற்கட்டும். டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சென் 1909-இல் அந்தச் சொல்லை உண்டாக்கியபோது அவர் மனதில் இருந்தது கண்ணுக்குப் புலப்படும் பண்பு. கிரேக்க வேரின் பொருளும் "காட்டுதல்" தான். விதை பெரியதா சிறியதா என்று பார்த்து அளக்கிற காலம் அது. மெலனோமா ஆய்வில் அந்தச் சொல் வெகுதூரம் வந்துவிட்டது. இங்கே அளப்பது செல்லின் தோற்றத்தை இல்லை. அதன் நடத்தையையும், எந்தெந்த மரபணுக்கள் வெளிப்படுகின்றன என்பதையும். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு செல்களில் ஒன்று பெருகும் வகை, மற்றது மருந்தைத் தாங்கும் வகை என்று இருக்கலாம். "தோற்றம்" என்ற பகுதி வாசகரை வெளித்தோற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். போதாக்குறைக்கு இது தோல் நோய் வேறு. மச்சத்தின் நிறமும் வடிவமும் மாறுவதைச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். மச்சம் மாறினால் மருத்துவரைப் பாருங்கள் என்று ஊரெல்லாம் அறிவுறுத்தி வைத்திருக்கிறோம், அதோடு இது குழம்பும்.

இலங்கை வழக்கில் சடுதிமாற்றத்துக்கு "விகாரம்" என்கிறார்கள் என்பதையும் அதே நண்பர் குறிப்பிட்டிருந்தார். விவாதத்துக்கு வெளியேதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இலக்கணத்தில் விகாரம் மூன்று, தோன்றல், திரிதல், கெடுதல். டிஎன்ஏ-விலும் ஓர் எழுத்து புதிதாகப் புகும், ஒன்று இன்னொன்றாகத் திரியும், அல்லது கெட்டுப்போகும். இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு நூல்கள் சடுதிமாற்றத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு வியப்பு. மெலனோமாவில் அடிக்கடி காணப்படும், பிராஃப் என்ற புரதத்தின் மாற்றத்தில் 600-ஆவது இடத்து வாலின் என்ற அமினோ அமிலம் குளூட்டமிக் அமிலமாகிறது; சுத்தமான திரிதல் விகாரம். தோலில் வரும் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் விகாரம் உண்டு. 2002-இல் தெரிய வந்தது. போகட்டும், நம் சொல்லுக்கு வருவோம்.

> குணமாற்றம் எளிமையாக இருக்கிறதே? செல்லின் குணம் மாறுகிறது. அவ்வளவுதானே.

இதை அனுப்பியவர் மருத்துவமனைப் பக்கம் போகாதவர் என்று தோன்றுகிறது. நம் குழுவிலுள்ள மருத்துவர் அம்மா இதற்கு ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்: "நோயாளியின் மகளிடம் குணமாற்றம் என்று நான் சொன்னால், அப்பாவுக்குக் குணமாகிறதா டாக்டர் என்று கேட்பாள்." இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

> நிலைமாற்றம். செல்லின் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு. ஆங்கிலத்திலும் செல் ஸ்டேட் என்கிறார்களே.

இதற்குத்தான் அதிக ஆதரவு. நானும் முதலில் இதன் பக்கம்தான் இருந்தேன். இயற்பியலில் பனிக்கட்டி நீராவதற்கும் இதே சொல் இருக்கிறது என்ற மறுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயும் திரும்பி வரலாம், ஒப்புமை கெடாது. ஆனால் புற்றுநோய் பற்றி எழுதும்போது "நிலை" என்ற சொல் ஏற்கெனவே குடியேறிவிட்டது. "மூன்றாம் நிலை", "நான்காம் நிலைப் புற்றுநோய்" என்பதெல்லாம் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, எதுவரை பரவியிருக்கிறது என்ற கணக்கு. "மெலனோமாவின் நிலைமாற்றம்" என்று ஒரு தலைப்புப் போட்டால், இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போனதைப் பற்றிய கட்டுரை என்று பத்தில் எட்டுப்பேர் படிப்பார்கள். நோயாளிக்கு நிலை உண்டு. செல்லுக்கும் அதே சொல்லை வைத்தால் ஒரே பத்தியில் இரண்டும் மோதும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதைக் கைவிட வேண்டியிருக்கிறது. மனமில்லாமல்தான்.

> கூடுவிட்டுக் கூடுபாய்தல் என்று நம் மரபிலேயே ஒரு சொல் இருக்கிறது. சுருக்கிக் கூடுபாய்தல்.

அழகாக இருக்கிறது, ஆனால் தலைகீழ். கூடுபாய்கிறவருக்கு உயிர் அதே, உடல் வேறு. இங்கே உடல் அதே, உள்ளே இருப்பவர் நடந்துகொள்ளும் விதம் வேறு. நோய் வேறு உறுப்புக்குப் பரவுவதற்கு வேண்டுமானால் யாராவது ஒரு கவிதையில் பயன்படுத்தலாம். பச்சோந்தித்தன்மைக்கும் பெரிதாகப் பதில் தேவையில்லை. செய்தித் தலைப்புக்கு ஆகும், அகராதிக்கு ஆகாது. செல் யாரையும் ஏமாற்றுவதற்காக நிறம் மாறவில்லை.

> இ.எம்.டி. என்று ஏற்கெனவே புற்றுநோய் இயலில் ஒன்று இருக்கிறதே. அதற்கு வைத்த தமிழையே இதற்கும் வைத்தால் என்ன?

இ.எம்.டி.-யில், உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மேலணித் திசுவின் செல்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதை விட்டுவிட்டு, தனித்து அலையும் செல்களாகின்றன. மார்பகம், குடல் போன்ற இடங்களில் வரும் புற்றுகளுக்கு அது பொருந்தும். மெலனோசைட் மேலணிச் செல்களுக்கு நடுவே வாழ்ந்தாலும் அந்தச் சாதி இல்லை. முகட்டிலிருந்து வந்த விருந்தாளி. இரண்டிலும் சில மரபணுக்கள் பொதுவாக வரும். ஆனால் மேலணிப் புற்றுகளில் அலைச்சலைத் தூண்டும் செப்2 என்ற புரதம் மெலனோசைட்டில் சாதாரண நாளிலேயே இருக்கிறது. மெலனோமா ஊடுருவும் வகைக்குப் போகும்போது அது இறங்கி செப்1 ஏறுகிறது. ஆய்வாளர்கள் தனிப்பெயர் வைத்ததே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

> பீனோடைப் ஸ்விட்சிங் என்றே எழுதுங்கள். மெலனோமாவை மட்டும் அப்படியே எழுதுகிறீர்களே?

நியாயமான கேள்வி. மெலனோமா ஒரு நோயின் பெயர். அறிக்கையில் அந்தப் பெயர்தான் இருக்கும், நோயாளி அதை வைத்துத்தான் தேடுவார். மொழிபெயர்த்தால் அவருக்கு இடைஞ்சல். "கரும்புற்று" என்று ஒருவர் முன்பு எழுதியதைப் பார்த்தேன். முதலில் கரும்பு நினைவுக்கு வருகிறது. இரண்டாவது, நிறமியே இல்லாத வெளிறிய மெலனோமாவும் உண்டு, அதை என்ன செய்வது? ஆனால் பீனோடைப் ஸ்விட்சிங் ஒரு கருத்து. அதைப் புரிந்துகொள்ளாமல் பெயரை மட்டும் எடுத்துப்போய் வாசகர் என்ன செய்வார்? ஆய்வகத்தில் நாமே பேசிக்கொள்ளும்போது ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வோம், அதை யாரும் தடுக்கவில்லை.

சரி, என் முன்மொழிவு: தன்மைப்பெயர்ச்சி.

"மாற்றம்" என்ற சொல்லை விட்டுவிட்டுப் "பெயர்ச்சி"க்குப் போனதற்குக் காரணம் சொல்கிறேன். மாற்றம் என்றால் பழையது போய்ப் புதியது வந்தது என்று முடிந்துவிடுகிறது. பெயர்ச்சி அப்படி முடிவதில்லை. இடம் பெயர்ந்தவர் திரும்பி வரலாம். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று கேட்டுப் பழகிய காதுக்கு, ஒன்று ஓரிடத்தில் சிலகாலம் தங்கும், அடுத்ததற்குப் போகும், சுற்றி மறுபடி வரும் என்ற பொருள் தானாகவே கிடைக்கிறது. சோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சொல்லின் அந்தச் சாயல் நமக்கு வேண்டும். இயற்பியலில் இடப்பெயர்ச்சி ஏற்கெனவே நிலைத்த கலைச்சொல். அதன் பக்கத்தில் தன்மைப்பெயர்ச்சி ஒட்டாமல் நிற்காது. இன்னொரு வசதி: பெயர்தல் பட்டென்றும் நடக்கலாம், மெல்லவும் நடக்கலாம். "தாவல்" என்று ஒருவர் சொன்னதை நான் ஏற்காதது இதனால்தான். மேலே ரெகுலேட்டர் கதையைச் சொன்னேன் அல்லவா, நடுவில் எத்தனையோ படிகள். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மெலனோமா செல் வரிசைகளை நான்காக வகுத்தது. ஒரு முனையில் தொழிலையே மறந்த செல்கள், அடுத்து நரம்பு முகட்டுச் சாயல் கொண்டவை, பிறகு இடைப்பட்டவை, மறுமுனையில் நிறமி செய்பவை. இடைப்பட்டதற்கென்றே தனி வகுப்பு இருக்கும்போது தாவல் என்றால் அது காணாமல் போய்விடும்.

"தன்மை" ஏன்? பண்பு, இயல்பு இரண்டையும் பார்த்தேன். பண்பு என்றதும் பாராட்டு வந்து ஒட்டிக்கொள்கிறது. பண்புள்ள புற்றுச்செல் என்று யார் சொல்வார்கள்? இயல்பு என்றால் "இயல்பான" என்ற பொருள் முந்திக்கொள்கிறது. "இயல்புக்குத் திரும்பியது" என்று எழுதினால் புற்றுச்செல் நல்ல செல்லாகிவிட்டது என்று ஆகிவிடும். தன்மைக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அமிலத்தன்மை, ஒட்டும்தன்மை என்று எதனோடும் சேரும். "அது வெறும் பின்னொட்டு, எடை இல்லை" என்று நம் குழுவின் புலவர் ஐயா தனிமடலில் சொன்னார். எடை இல்லாததே இங்கே பயன். பெருகுதன்மை, ஊடுருவுதன்மை, இடைத்தன்மை, நிறமித்தன்மை என்று எல்லா வகைகளுக்கும் ஒரே அச்சில் பெயர் வார்க்கலாம். செல் ஒரு தன்மையிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்கிறது. வினையாகவும் வரும், பெயராகவும் வரும்: "தன்மை பெயர்ந்த செல்கள்". ஐயாவே பின்குறிப்பாக, "தன்மையில் இருந்தது படர்க்கைக்குப் போகிறது என்று சொல்லுங்கள்" என்று கிண்டலும் செய்திருந்தார். நோய் படர்வதைத்தான் சொல்கிறார். ரசித்தேன்.

அடுத்து சிகிச்சைப் பகுதி. சொல்லைச் சோதித்துப் பார்க்க இதுவே சரியான இடம். விகாரமடைந்த பிராஃபைத் தடுக்கும் வெமுராஃபெனிப் 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டில் ஓர் ஆய்விதழில் வந்த மூன்று படங்களைப் புற்றுநோய் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதல் படத்தில் நோயாளியின் உடம்பெங்கும் தோலடியில் கட்டிகள். 15 வாரச் சிகிச்சைக்குப் பிறகு எடுத்த படத்தில் தோல் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. 23 வாரத்துப் படத்தில் கட்டிகள் திரும்பி வந்திருக்கின்றன, பல பழைய இடங்களிலேயே. அந்த நோயாளியின் கட்டியில் மெக்1 என்ற மரபணுவில் புதிதாக ஒரு விகாரம் காணப்பட்டது. அது மருந்தெதிர்ப்பு, மரபெழுத்து மாறி வந்தது.

ஆனால் கட்டிகள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்த வாரங்களில் எஞ்சிய செல்கள் எப்படிப் பிழைத்திருக்கும்? எல்லாவற்றுக்கும் விகாரம் வந்திருக்க வேண்டியதில்லை. 2018-இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள், நோயாளிகளின் மெலனோமாவை எலியில் வளர்த்து, டப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து, கட்டி தொட்டாலும் தெரியாத அளவுக்குச் சுருங்கிய பிறகு மிஞ்சியதை ஒவ்வொரு செல்லாக ஆராய்ந்தார்கள். நான்கு தன்மைகள் தெரிந்தன. ஒரு கூட்டம் பட்டினி கிடப்பது போன்றது. ஒரு கூட்டம் ஊடுருவும் வகை. ஒன்று நிறமி நிறைந்தது. இன்னொன்று கருவின் நரம்பு முகட்டுத் தண்டுசெல்லைப் போன்றது. மருந்து வந்ததும் செல்கள் ஒரே பக்கம் ஓடவில்லை, கிடைத்த ஒதுக்கிலெல்லாம் ஒதுங்கியிருக்கின்றன. நரம்பு முகட்டுத் தன்மைக்குப் போகும் வழியை நடத்துவது ஆர்எக்ஸ்ஆர் வகைப் புரதம் ஒன்று என்று கண்டு, அதைத் தடுக்கும் பொருளையும் சேர்த்துக் கொடுத்தபோது எலிகளில் நோய் திரும்புவது தள்ளிப்போனது. இந்தப் பத்தியை "தன்மைப்பெயர்ச்சி" வைத்து எழுதிப் பாருங்கள்: மருந்துக்கு முன் பெருகுதன்மையில் இருந்த செல்கள் தன்மை பெயர்ந்து பிழைக்கின்றன. உருமாற்றம் வைத்து எழுதினால் மெக்1 நோயாளியையும் இதையும் பிரித்துக் காட்டவே வழியில்லை.

மருந்து வருவதற்கு முன்பே கட்டியில் எம்ஐடிஎஃப் மிகுந்த தன்மையும் குறைந்த தன்மையும் கலந்திருக்கின்றன என்பதையும் கட்டுரையில் சேர்க்க இருக்கிறேன். 2016-இல் 19 நோயாளிகளிடமிருந்து எடுத்த 4,645 செல்களைத் தனித்தனியாகப் படித்த ஆய்வு அதைக் காட்டியது. மொத்தமாக அளந்தபோது எம்ஐடிஎஃப் மிகுந்தது என்று முத்திரை குத்திய கட்டிகளுக்குள்ளேயே, அது குறைந்து ஏஎக்ஸ்எல் என்ற இன்னொரு புரதம் மிகுந்த செல்களும் இருந்தன. மருந்துக்கு அதிகம் மசியாதவை அவைதான்.

"நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கும் இந்தச் சொல் வருமா?" என்று மருத்துவர் அம்மா கேட்டிருந்தார். வரும். 2012-இல் ஜெர்மானியக் குழு ஒன்று எலிகளில் காட்டியது இது: மெலனோமாவின் நிறமிப் புரதத்தை அடையாளம் வைத்துத் தாக்கும் டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) செலுத்தினால் கட்டி முதலில் சுருங்குகிறது. டி செல்கள் வந்த இடத்தில் அழற்சி உண்டாகிறது. அழற்சியில் சுரக்கும் டிஎன்எஃப் என்ற புரதம் மெலனோமா செல்லை நிறமித்தன்மையிலிருந்து நகர்த்திவிடுகிறது. நிறமிப் புரதம் போனதும் டி செல்லுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. அழற்சி அடங்கினால் நிறமித்தன்மை திரும்புகிறது. தாக்க வந்தவரே தப்பிக்க வழி செய்துகொடுத்த கதை. போவதும் வருவதும் இதைவிடத் தெளிவாகத் தெரியும் சோதனை எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "பெருகினால் நகராது, நகர்ந்தால் பெருகாது" என்று கறாராக எழுதிவிடாதீர்கள். தொடக்க காலத்தில் அப்படித்தான் சொல்லப்பட்டது. இரண்டையும் ஓரளவு சேர்த்துச் செய்யும் இடைத்தன்மைச் செல்கள் இருக்கின்றன என்பது பிறகு தெரிய வந்தது. நம் வரையறையில் இருமைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

அகராதிக்கு நான் எழுதியிருக்கும் வரைவு:

தன்மைப்பெயர்ச்சி (பெ.): மரபெழுத்து மாறாமலே, மரபணு வெளிப்பாட்டில் ஏற்படும் மாற்றத்தால் ஒரு செல் தன் நடத்தையில் ஒரு தன்மையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்வது, சூழல் மாறினால் திரும்பக்கூடியது. மெலனோமாவில் நோய் பரவவும் மருந்துக்குத் தப்பவும் துணைசெய்வது. வினை: தன்மை பெயர்தல்.

தன்மை நெகிழ்வு: அவ்வாறு பெயர்வதற்கான திறன். இதற்கு "நெகிழித்தன்மை" வேண்டாம். நெகிழி என்றால் இப்போது கடைப் பைதான் நினைவுக்கு வருகிறது.

முதிர்விழப்பு: செல் தன் தொழிலுக்குரிய அடையாளங்களை இழந்து முன்னைய தன்மைக்குப் போவது. தன்மைப்பெயர்ச்சியின் ஒரு வகை மட்டுமே. எல்லாப் பெயர்ச்சியும் முதிர்விழப்பு இல்லை, மேலே நிறமி நிறைந்து பிழைத்த கூட்டத்தைப் பார்த்தோம்.

இன்னும் ஒன்று தீரவில்லை. விகாரத்தால் வரும் மருந்தெதிர்ப்பையும், தன்மை பெயர்ந்து சிலகாலம் சமாளிப்பதையும் பிரித்துச் சொல்ல இரண்டாவதற்கு "மருந்து தாங்கல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். மனத்தாங்கல் என்பதில் வரும் தாங்கல் குறுக்கே வருகிறது என்று இருவர் சொல்கிறார்கள். "மருந்து சகிப்பு" என்று மருத்துவர் அம்மா சொல்கிறார். ஆனால் நோயாளி மருந்தின் பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்வதற்கு மருத்துவர்களே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சகிப்பது யார், நோயாளியா செல்லா என்ற கேள்வி வந்துவிடும். "தாக்குப்பிடிப்பு" என்பது பேச்சுவழக்காக இருந்தாலும் எனக்கு அதன்மேல் ஒரு கண். "தாக்குப்பிடிக்கும் செல்கள்" என்று எழுதினால் யாருக்கும் அகராதி தேவைப்படாது. புலவர் ஐயா முகம் சுளிக்கக்கூடும். அவரும் மற்றவர்களும் இந்த மூன்றில் எது என்று எழுதினால், வரைவில் அதையும் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்